மூணாவது ஓலை

அந்தோணிசாமி: …இல்ல மேரி, நீ சரியாத்தான் கேட்டிருக்க. நம்ம ஓலைய அவரு படிக்கவே இல்ல.

மேரிசெல்வி: நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு நெனச்சேன்ப்பா. பக்கத்துல ஸ்டெல்லா அக்காவக் கேட்டா அவங்களும் முழிக்கிறாங்க.

அந்தோணிசாமி: கோயிலே முழிச்சுது. ரெண்டு ஞாயிறு படிச்சாச்சு. ‘அந்தோணிசாமி மகள் மேரிசெல்விக்கும் சூசைராஜுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்’னு. இன்னைக்கு மூணாவதும் படிச்சாத்தான புதன்கிழமை கோயில்ல தாலி கட்ட விடுவாங்க.

மேரிசெல்வி: கிளியனூர் பையனோட ஓலையப் படிச்சாரு. அடுத்தது நம்மளதுதான்னு தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன்… அப்படியே செபத்துக்கு ‘எழுந்து நில்லுங்க’ன்னுட்டாரு.

அந்தோணிசாமி: உங்கம்மா எழுந்திருக்கவே இல்ல. பாத்தியா?

மேரிசெல்வி: பாத்தேன். முத்தம்மா அத்தைதான் கையப் புடிச்சுத் தூக்கினாங்க. முகமே வெளுத்துப் போச்சு அம்மாவுக்கு… அப்பா, மெதுவா நட. வரப்பு வழுக்குது. கோயிலுக்குக் கட்டின வேட்டியோட எதுக்கு இப்ப உப்பளத்துக்கு வர்ற?

அந்தோணிசாமி: வேற எங்க போறது? வீட்டு வாசல்ல பந்தக்காரன் நிக்கிறான், கால் நடறதா வேணாமான்னு கேட்டுக்கிட்டு. உங்க அத்தை நடுவூட்டுல உக்காந்து போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு இருக்குது. இங்க ஞாயித்துக்கெழம யாரும் இருக்க மாட்டாங்க. அதான் உன்னையும் கூட்டிட்டு வந்தேன்.

மேரிசெல்வி: சாமியார்கிட்ட பேசினியா?

அந்தோணிசாமி: பேசினேன்.

மேரிசெல்வி: என்னா சொன்னாரு?

அந்தோணிசாமி: ஒரு வார்த்தை சொன்னாரு. இங்கிலீஷ்ல. பழைய சாமியாரா இருந்தா நம்ம பேச்சுல சொல்லியிருப்பாரு. இவரு வந்தே பத்து நாளாவல. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன்.

மேரிசெல்வி: என்னா வார்த்தைப்பா?

அந்தோணிசாமி: மறந்துடக் கூடாதுன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு இருக்கேன்… ரிலக்… ரிலக்டன்ட். என்னா, நின்னுட்ட?

மேரிசெல்வி: ஒண்ணும் இல்ல. செருப்புல சேறு… யாரச் சொன்னாரு?

அந்தோணிசாமி: மொதல்ல அர்த்தத்தச் சொல்லு. பி.ஏ. இங்கிலீஷு படிச்சுட்டுத்தான புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற?

மேரிசெல்வி: எல்.கே.ஜி.க்கு ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பால், சி ஃபார் கேட்தான்ப்பா. இவ்வளோ பெரிய வார்த்தையெல்லாம் கெடையாது.

அந்தோணிசாமி: உனக்குத் தெரியுமில்ல.

மேரிசெல்வி: தெரியும்… தயங்கறதுன்னு அர்த்தம். ஒரு மாதிரி… வெக்கம்னு வெச்சுக்கயேன்.

அந்தோணிசாமி: வெக்கமா?

மேரிசெல்வி: கிட்டத்தட்ட.

அந்தோணிசாமி: வெக்கப்பட்டா ஓலைய நிறுத்துவாங்களா? அப்படிப் பாத்தா மரக்காணத்துல எந்தப் பொண்ணுக்கும் கல்யாணமே நடந்திருக்காதே. இரு, இரு. வெள்ளிக்கெழம உன்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாரே, அதுலதான் வந்திருக்கும் வெனை. பழைய சாமியாரே கல்யாணத்துக்கு முன்னாடி கேக்கற செபம், மந்திரமெல்லாம் கேட்டு எழுதி வெச்சுட்டுப் போயிட்டாரு. இவரு புதுசா வந்து, ‘நானும் ஒரு தரம் கேக்கணும்’னாரு. சரி, கேக்கட்டும்னு விட்டோம். உங்க அத்தை உன்னை உக்கார வெச்சு என்னமோ சொல்லிக் குடுத்துச்சே.

மேரிசெல்வி: ஆமா. ‘சம்மதமா’ன்னு கேட்டா உடனே வாயத் தொறந்துடாதன்னாங்க. மொதல் தரம் கேட்டா தலையக் குனிஞ்சுக்கணும். ரெண்டாம் தரம் கேட்டா முந்தானையப் புடிச்சுக்கணும். மூணாம் தரம் கேட்டாத்தான் ‘சம்மதம் சாமி’ன்னு சொல்லணும். கேட்ட ஒடனே சொன்னா, இவ எப்படா கேப்பாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தான்னு பேசுவாங்களாம்.

அந்தோணிசாமி: அது நம்ம வழக்கம்தான? உங்கம்மாவும் அப்படித்தான். மூணாம் தரமும் சத்தம் வெளிய வரல, சாமியார் காதைக் கிட்ட கொண்டாந்து கேட்டாரு.

மேரிசெல்வி: அம்மா இதச் சொன்னதே இல்லியே.

அந்தோணிசாமி: சொல்லாது. இப்பவும் வெக்கம்தான்… அப்ப இதுதான் நடந்திருக்கு. பழைய சாமியாருக்கு நம்ம வழக்கம் தெரியும். இந்த மனுஷன் வெளியூரு. பொண்ணு பேசாம நிக்கிறாளே, இஷ்டம் இல்லபோலன்னு எடுத்துக்கிட்டாரு. உங்க அத்தை வாயால வந்தது.

மேரிசெல்வி: …இருக்கும்ப்பா.

அந்தோணிசாமி: அவ்வளோதானா?

மேரிசெல்வி: அவ்வளோதான்.

அந்தோணிசாமி: வேற ஒண்ணும் இல்லியே?

மேரிசெல்வி: இல்லப்பா.

அந்தோணிசாமி: அப்ப சாயங்காலம் போயி, ‘வெக்கம் சாமி, வேற ஒண்ணும் இல்ல’ன்னு சொல்லிடலாம். பூசைக்கு வர்ற கூட்டத்துக்கிட்ட படிச்சுட்டாருன்னா முடிஞ்சுது. பந்தக்காரனுக்குப் போன் பண்ணிடவா?

மேரிசெல்வி: …பண்ணு.

அந்தோணிசாமி: பண்ணிடவா?

மேரிசெல்வி: அதான் பண்ணுன்னுட்டேனே.

அந்தோணிசாமி: மேரி, வெக்கத்துக்கு இங்கிலீஷ்ல ஷைன்னுதான சொல்வாங்க?

மேரிசெல்வி: …உனக்கு எப்படிப்பா தெரியும்?

அந்தோணிசாமி: எம் பேத்தி ஜெனி அன்னைக்கு உங்கம்மா முதுகுக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்குச்சு. ‘ஏய், என்னா ஷை’ன்னு நீதான் கேட்ட. ஷைன்னா எனக்கே தெரியும்னா சாமியாருக்குத் தெரியாதா? அவரு ஏன் அந்தச் சின்ன வார்த்தைய வுட்டுட்டு இதச் சொன்னாரு?

மேரிசெல்வி: வெயில் ஏறுதுப்பா, போலாம்…

அந்தோணிசாமி: டீச்சரம்மா, கேள்வி கேட்டா பதில் வரணும். புள்ளைங்க உன்னைக் கேட்டா இப்படித்தான் நிப்பியா?

மேரிசெல்வி: உக்காருப்பா. இந்த மோட்டு மேல உக்காரு. சொல்றேன்.

அந்தோணிசாமி: உக்காந்துட்டேன். சொல்லு.

மேரிசெல்வி: கால்ல புண்ணு இருக்கறப்ப காலையில உப்புப் பாத்தியில எறங்கறீங்கல்ல. எறங்கறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிப்பீங்கல்ல. எரியும்னு தெரியும். கால் பின்னாடி இழுக்கும். ஆனா எறங்கிடுவீங்க.

அந்தோணிசாமி: எறங்காம? கூலி யார் குடுப்பா?

மேரிசெல்வி: அந்த ஒரு நொடிதான்ப்பா. அதுக்குத்தான் அந்த வார்த்தை.

அந்தோணிசாமி: அதுக்குப் போயி இங்கிலீஷ்காரன் தனியா ஒரு வார்த்தை வெச்சிருக்கானா?

மேரிசெல்வி: வெச்சிருக்கான்.

அந்தோணிசாமி: அப்ப மேகம் கட்டிக்கிச்சுன்னா மேஸ்திரி, ‘வாரு, வாரு’ன்னு கத்துவாரே. உப்பு இன்னும் முத்தியிருக்காது. இன்னும் ரெண்டு நாள் வெயில் வாங்கணும். நமக்குத் தெரியும். வாரறதுக்கு மனசே வராது. மழைக்குப் பயந்துக்கிட்டு வாரிடுவோம். அதுவா?

மேரிசெல்வி: அதேதான். நீ என்னை விட நல்லாச் சொல்ற.

அந்தோணிசாமி: உங்கம்மா மாத்திரை முழுங்கறதுக்கு?

மேரிசெல்வி: அதுக்குப் போடக் கூடாதுப்பா. அம்மா முழுங்கறதே இல்ல. செம்பருத்தித் தொட்டியில போட்டு மூடிடுது.

அந்தோணிசாமி: என்னாது… தொட்டியிலயா? நான் திண்டிவனம் வரைக்கும் போயி வாங்கிட்டு வர்றேன்.

மேரிசெல்வி: நான் சொன்னேன்னு சொல்லிடாத.

அந்தோணிசாமி: அதான் அந்தச் செடி வேற ஒரு மாதிரி நிக்குதா… சரி. அம்மாவுக்கு ஏன் போடக் கூடாது?

மேரிசெல்வி: அம்மா முடியாதுன்னு முடிவே பண்ணிடுச்சு. அதுக்கு வேற வார்த்தை. அன்வில்லிங்னு சொல்வாங்க. மாட்டேன்னு சொன்னா மாட்டேன்தான். இது அப்படி இல்ல. ரிலக்டன்ட்னா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. சரிம்பாங்க, வந்து நிப்பாங்க, செய்வாங்க. ஆனா உள்ள இழுத்துக்கிட்டே இருக்கும்.

அந்தோணிசாமி: அப்ப இது செய்யறவங்களச் சொல்ற வார்த்தை.

மேரிசெல்வி: ஆமா.

அந்தோணிசாமி: எப்படிப் போடறது இத?

மேரிசெல்வி: ஆள் பேருக்கு முன்னாடி போடலாம். ரிலக்டன்ட் டிரைவர். ரிலக்டன்ட் ஸ்டூடன்ட்.

அந்தோணிசாமி: கல்யாணப் பொண்ணுக்கு முன்னாடி போடலாமா, கூடாதா?

மேரிசெல்வி: போடலாம்ப்பா. இலக்கணத்துல ஒண்ணும் தடை இல்ல.

அந்தோணிசாமி: நான் இலக்கணத்தக் கேக்கல, மேரி.

மேரிசெல்வி: தெரியும்.

அந்தோணிசாமி: சூசைராஜ் ஏதாவது சொன்னானா உன்னை?

மேரிசெல்வி: ஒரு குறை சொல்ல முடியாதுப்பா மாமாவ. குடி கெடையாது. லாரிய நிறுத்திட்டு நேரா ஜெனியப் பாக்கத்தான் வர்றாரு. அக்கா இருந்தப்ப எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருக்காரு… அதாம்ப்பா.

அந்தோணிசாமி: எதுதான்?

மேரிசெல்வி: எதுவுமே மாறல அவருக்கு. போன மாசம் கூனிமேட்டுல ஜெனிக்குச் செருப்பு வாங்கப் போனோம்ல. கடையில கூட்டம். அவரு அந்தப் பக்கம் நின்னு, ‘பிலோமி, பை எடுத்துக்கோ’ன்னாரு.

அந்தோணிசாமி: பழக்க தோஷம்மா. அஞ்சு வருஷம் வாழ்ந்தவன். உங்க அக்கா பேரு வாயில வந்திருக்கும்.

மேரிசெல்வி: நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா நான் என்னா பண்ணேன் தெரியுமா? ‘எடுத்துக்கிட்டேன்’னு சொல்லிட்டேன். பிலோமின்னு கூப்பிட்டாரு, நான் பதில் சொல்லிட்டேன்ப்பா. பஸ்ல வர்றப்பத்தான் எனக்கே ஒறைச்சுது.

அந்தோணிசாமி: …நீ சொல்லவே இல்லியே.

மேரிசெல்வி: அக்கா கட்டில். அக்கா பீரோ. அக்கா போட்டோவுக்குக் கீழ என் ஜாக்கெட்டு அளவு எடுத்தாங்க. தாலி கூட…

அந்தோணிசாமி: தாலிக்கு என்னா? புதன்கிழமைக்குள்ள குடுத்துடறேன்னு ஆசாரி சொல்லியிருக்காரே.

மேரிசெல்வி: புதுசா செய்யலப்பா. அக்காவோடத அழிச்சுத்தான் செய்யறாங்க.

அந்தோணிசாமி: யாரு சொன்னா?

மேரிசெல்வி: அத்தைதான் சொன்னாங்க. ‘அவ ஆசீர்வாதம் கூடவே இருக்கும்’னாங்க. நீயும் சரின்னுட்டன்னு சொன்னாங்களே.

அந்தோணிசாமி: என்னைக் கேக்கவே இல்லம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது… அவ கழுத்துலருந்து நான்தான் கழட்டினேன், ஆஸ்பத்திரியில. அத உருக்கி… என் இன்னொரு பொண்ணு கழுத்துலயா?

மேரிசெல்வி: அழாதப்பா. நீ அழுதா நான் பேச மாட்டேன்.

அந்தோணிசாமி: அழல. உப்புக் காத்து… நீ பேசு. இவ்வளோ இருந்துச்சுன்னா நீ ஏம்மா சம்மதம்னு சொன்ன?

மேரிசெல்வி: எப்பப்பா சொன்னேன்?

அந்தோணிசாமி: என்னாது?

மேரிசெல்வி: யோசிச்சுப் பாரு. எப்பச் சொன்னேன்? அக்காவ அடக்கம் பண்ணிட்டு வந்து கால் கழுவறோம். ஜெனி என் இடுப்புல இருக்குது. முத்தம்மா அத்தை எல்லாரும் இருக்கறப்ப, ‘இனிமே இவதான்டி உனக்கு அம்மா’ன்னு புள்ளைகிட்ட சொன்னாங்க. நான் கொழந்தையப் பாத்துக்கச் சொல்றாங்கன்னுதான் நெனச்சேன். வருஷம் திரும்பறதுக்குள்ள எல்லாரும் என்னை வேற மாதிரி பாக்கறாங்க. பாக்கு வெத்தல மாத்தறீங்க. தேதி குறிக்கறீங்க. ஒருத்தர் கூட என்னைக் கேக்கலப்பா. அம்மா கேக்கல. நீ கேக்கல. வெள்ளிக்கெழம அந்தச் சாமியார்தான் மொதமொதல்ல கேட்டாரு. ‘உனக்கு இதுல சம்மதமா’ன்னு. எனக்கு அப்படியே தூக்கி வாரிப் போட்டுடுச்சு. இதக் கேக்கக் கூட செய்வாங்களான்னு.

அந்தோணிசாமி: அத்தை சொன்ன மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டியா?

மேரிசெல்வி: மொதல் தரம் குனிஞ்சுக்கிட்டேன். ரெண்டாம் தரம் முந்தானையப் புடிச்சுக்கிட்டேன்.

அந்தோணிசாமி: மூணாம் தரம்?

மேரிசெல்வி: வேணாம்ப்பா. சாயங்காலம் போயி சொல்லிடறேன். ஜெனிக்காவது சொல்லிடறேன். அது என் கழுத்தக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குது.

அந்தோணிசாமி: ஜெனிய ஒதுக்கி வையி. மூணாம் தரம் கேட்டாரா, இல்லியா?

மேரிசெல்வி: கேட்டாரு.

அந்தோணிசாமி: நீ என்னா சொன்ன?

மேரிசெல்வி: ஒண்ணுமே சொல்லல. வாயத் தொறந்தேன், வரல. வெக்கத்துக்காக இல்லப்பா. அத்தை சொல்லிக் குடுத்ததுக்காகவும் இல்ல. அந்த மூணாம் தரம் நானாத்தான் சொல்லல… அடிக்கணும்னா அடிச்சுடு. உன்னை ஊருக்கு முன்னாடி தலைகுனிய வெச்சது நான்தான்.

அந்தோணிசாமி: தெரியும்.

மேரிசெல்வி: என்னா தெரியும்?

அந்தோணிசாமி: மூணாம் தரமும் நீ பேசலன்னு தெரியும்.

மேரிசெல்வி: எப்படி? நீ டீ குடிக்கப் போயிருந்தியே.

அந்தோணிசாமி: போவல. ஜன்னலுக்கு வெளியதான் நின்னேன். சம்மதம்னு நீ சொல்றத என் காதால கேட்டுட்டா நிம்மதியா இருக்கலாம்னு நின்னேன். நீ வாயத் தொறந்ததப் பாத்தேன். மூடினதயும் பாத்தேன்.

மேரிசெல்வி: அப்பா… அப்ப இவ்வளோ நேரம் எதுக்கு என்னை… வெக்கம்னு சொல்லிடலாம்னியே. பந்தக்காரனுக்குப் போன் பண்ணிடவான்னு கேட்டியே.

அந்தோணிசாமி: ‘ஆமாப்பா, வெக்கம்தான்’னு கண்ணப் பாத்து நீ சொல்லியிருந்தா, நான் பாத்தது பொய்யின்னு நெனச்சுக்கிட்டுப் பந்தக்கால் நட்டிருப்பேன். நீ கண்ணப் பாக்கல. சூசைராஜ் சாயங்காலம் அவங்க சொந்தக்காரங்களோட வருவான். ‘எம் பொண்ணுக்கு மனசு இல்ல’ன்னு அவங்ககிட்ட சொல்றதுக்கு, உன் வாயால நான் ஒரு தரம் கேட்டிருக்கணுமில்ல.

மேரிசெல்வி: அவங்க சும்மா விட மாட்டாங்கப்பா. அத்தை மண்ண வாரித் தூத்தும்.

அந்தோணிசாமி: தூத்தட்டும். பேசப் போறது நான். நீ ஜெனியத் தூக்கிக்கிட்டு உள்ள இரு. சித்தியா இருந்து புள்ளைய வளக்கறதுக்கு தாலி எதுக்கு? அவன் லாரிக்குப் போறப்ப நம்ம வூட்டுல வுட்டுட்டுப் போவட்டும்.

மேரிசெல்வி: சாமியார்கிட்ட என்னா சொல்றது? அவரு என்னைத்தான ரிலக்டன்ட்னு கண்டுபுடிச்சு ஓலைய நிறுத்தினாரு.

அந்தோணிசாமி: அவரா நிறுத்தல மேரி. நேத்து நான்தான் போயி, ‘படிக்காதீங்க சாமி, எம் பொண்ணு ஓலைய எடுத்துடுங்க’ன்னு கேட்டேன். ‘பெத்த அப்பன், நீங்க அவளக் கேட்டீங்களா’ன்னாரு. கேக்கணும் சாமி, வாய் வரலன்னேன்… அப்பத்தான் அவரு அந்த வார்த்தையச் சொன்னாரு. உன்னை இல்லம்மா, என்னைத்தான்.